பெருங்குடலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தால்: வீட்டில் இருந்தபடி மீள்வதற்கான முழுமையான வழிகாட்டி

"இஸ்கீமிக் கோலைட்டிஸ்" (இரத்தம் குறைந்து பெருங்குடல் புண்ணாகும் நோய்) என்று எழுதிய காகிதத்துடன் நோயாளி வீடு திரும்பியதும், இலங்கையின் கிழக்கில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி "என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?" என்பதுதான். சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர் இருக்கிறது, மருந்துப் பை இருக்கிறது. அவை இரண்டையும் ஒழுங்கு செய்யாமல் கஞ்சி காய்ச்சுவதால் பெரிய பயன் இல்லை.

என் மாமியை வீட்டில் வைத்துப் பார்த்தேன். அதன் பிறகு களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் இதே நோயுடன் வந்த உறவினர், அயலவர் பலருக்குத் துணையாக இருந்தேன். அவர்கள் இடறிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதனால் வேலைகளைச் செய்யவேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வைத்தியர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதைப் பின்பற்றுங்கள். உங்கள் உடலைப் பரிசோதித்தவர் அவர்.

## 1. நடந்தது என்ன என்பதை வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்ளுங்கள்

பெருங்குடலின் ஒரு பகுதிக்குச் சிறிது நேரம் போதிய இரத்தம் போகவில்லை. அதனால் குடலின் உட்தோல் புண்ணாகி, வீங்கி, இரத்தம் கசிந்தது. பெரும்பாலும் இடப்பக்கக் குடல்தான் பாதிக்கப்படும். இரண்டு இரத்தக் குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் இடங்கள் அங்கே இருப்பதால், இரத்த அழுத்தம் இறங்கும்போது முதலில் காய்வது அந்தப் பகுதிதான். கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாமல் போவதைப் போன்றது இது.

திடீரென இடப்பக்க அடிவயிற்றில் முறுக்கி வலிக்கும், உடனே மலம் கழிக்கவேண்டும் போலிருக்கும், ஒரு நாளுக்குள் மலத்துடன் சிவப்பு இரத்தம் போகும். பெரும்பாலானோருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. 60 வயதைக் கடந்தவர்களுக்கே கூடுதலாக வரும்.

இது தொற்று நோயன்று. தட்டு, கோப்பையைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. இதை மூலம் என்று நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டிருப்பதும், வயிற்றுளைவு என்று நினைத்து மருந்துக் கடையில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுப்பதும் நான் அடிக்கடி பார்த்த தவறுகள். இரண்டும் நேரத்தை வீணாக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. குடலின் முழுத் தடிப்பும் அழுகாதவரை, பெரும்பாலானோருக்குச் சேலைனும் குடலுக்கு ஓய்வும் போதும். இரண்டு மூன்று நாட்களில் வலி தணியும். உட்தோல் ஓரிரு வாரங்களில் ஆறத் தொடங்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதக்கணக்கில் எடுக்கலாம்.

## 2. ஆபத்து அறிகுறிகளை முதலில் எழுதி ஒட்டுங்கள்

இதை முதலிலேயே வைப்பதற்குக் காரணம், இரவு 2 மணிக்கு யாரும் வழிகாட்டி வாசிக்க மாட்டார்கள். ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள்:

- வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, வயிறு பலகை போல இறுகுவது, தொட்டாலே நோவது
- மலத்துடன் மீண்டும் அதிக இரத்தம், அல்லது இரத்தக் கட்டிகள்
- காய்ச்சல், நடுக்கம்
- தொடர் வாந்தி, வயிறு ஊதுதல், காற்றுக்கூடப் பிரியாமை
- மயக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பமான பேச்சு, சிறுநீர் மிகக் குறைவது

இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 இலக்கத்திற்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். முச்சக்கர வண்டியில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடுவதைவிட அது பாதுகாப்பானது. வழியிலேயே இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வைத்தியசாலை போய்ச் சேரும்வரை உண்ணவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். சத்திர சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருப்பது நல்லது.

வலப்பக்கக் குடல் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அவர்களுக்குச் சிறுகுடலுக்கும் இரத்தம் கொடுக்கும் பெரிய குழாயில் கோளாறு இருக்கலாம், நோயும் கடுமையாகப் போகலாம். எந்தப் பக்கம் என்பதை வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

## 3. வைத்தியசாலை விடுதியை விட்டு வருமுன் கேட்டு வாங்கவேண்டியவை

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் எல்லோருக்கும் அவசரம். வண்டி வெளியே நிற்கும், வீட்டில் சமையல் காத்திருக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடங்களில் கேட்காமல் விட்டவற்றைப் பின்னர் கேட்க, கிளினிக்கில் அரை நாள் வரிசையில் நிற்க நேரிடும்.

டயக்னோசிஸ் கார்ட்டை (நோய் விவரம் எழுதித் தரும் அட்டை) வாங்கியவுடன் அங்கேயே நின்று வாசியுங்கள். கட்டிலில் தொங்கிய நோயாளிக் குறிப்பு வைத்தியசாலையிலேயே தங்கிவிடும். உங்கள் கையில் இருக்கப்போவது இந்தக் கார்ட் மட்டுமே. சி.ரி. ஸ்கேன் முடிவும் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கமெரா விட்டுப் பார்ப்பது) முடிவும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

- எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? நீரிழப்பா, மருந்தா, இதயமா?
- பழைய மருந்துகளில் எதை நிறுத்தவேண்டும், எதைக் குறைக்கவேண்டும், எதைத் தொடரவேண்டும்?
- இரத்த அழுத்தம் எவ்வளவுக்குக் கீழே போனால் பிரஷர் குளிசை கொடுக்கக்கூடாது?
- ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?
- கொலனோஸ்கோப்பி மீண்டும் தேவையா, எப்போது?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருந்தவர்கள் பலர், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆதார வைத்தியசாலைக் கிளினிக்கில்தான் பிரஷருக்கும் நீரிழிவுக்கும் மருந்து எடுக்கிறார்கள். இரண்டு இடத்து வைத்தியர்களுக்கும் இடையில் செய்தியைக் கொண்டுபோகிறவர் நீங்கள்தான். கார்ட்டைப் பிரதி எடுத்துக் கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள்.

வீட்டில் ஆயத்தமாக இருக்கவேண்டியவை: கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி, ஒரு லீற்றர் அளவுள்ள போத்தல், சில ஜீவனி (நீரிழப்புக்கான உப்பு, சர்க்கரைக் கலவை) பக்கெட்டுகள், ஒரு சிறிய கொப்பி.

## 4. தண்ணீர்

குடலுக்கு இரத்தம் குறைவதற்கு எங்கள் மண்ணில் மிகச் சாதாரணமான வழி, உடல் வற்றிப்போவதுதான். கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்குள் இருந்தாலே வியர்த்து வடியும். முதியவர்களுக்குத் தாகம் தெரிவதும் குறைவு. இரவில் எழும்பவேண்டிவரும் என்று மாலைக்குப் பிறகு தண்ணீரைத் தொடாதவர்கள் எத்தனையோ பேர். அதற்கு மேல் சிறுநீரைக் கூட்டும் குளிசையும் இருந்தால் இரத்த ஓட்டம் இன்னும் மெலிந்துவிடும்.

செய்யவேண்டிய முறை இது. காலையில் ஒரு லீற்றர் போத்தலை நிரப்பி நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மதியத்திற்குள் அது முடியவேண்டும். பிறகு மீண்டும் நிரப்புங்கள்; அந்தி சாயுமுன் பெரும்பகுதி முடியவேண்டும். இதயமும் சிறுநீரகமும் நன்றாக உள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 லீற்றர் அளவு ஒரு நல்ல தொடக்கம். வெயில் காலத்தில் கூடுதலாக வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்கும் இந்த அளவு பொருந்தாது. அவர்களுக்கு வைத்தியர் சொன்ன அளவுதான் சட்டம்.

போதுமா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லும். வெளிர் மஞ்சள் நல்லது. தேயிலைச் சாயம் போல இருந்தால் போதாது.

வயிற்றோட்டம் வந்தால் ஒரு ஜீவனி பக்கெட்டை முழுமையாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். அரைப் பக்கெட்டை ஒரு கோப்பையில் கண்ணளவாகக் கரைப்பது தவறு. உப்பின் அளவு மாறிவிடும். 24 மணி நேரத்திற்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் பிரஷர் குளிசை எடுப்பவர்களும் கேட்டுவிட்டுக் குடிக்கவேண்டும்.

வாந்தியும் வயிற்றோட்டமும் உள்ள நாளில் சிறுநீர்க் குளிசை, சில பிரஷர் குளிசைகள், நீரிழிவுக்கான மெட்ஃபோமின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

## 5. மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வீட்டில் உள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பாயில் கொட்டுங்கள்: சொப்பிங் பையில் உள்ளவை, சாமித்தட்டுக்குப் பின்னால் உள்ளவை, கைப்பையில் உள்ளவை. மாமியின் பையைக் கொட்டியபோது மூன்று வேறு நிற அட்டைகள் வந்தன. ஒன்று கிளினிக் தந்தது, ஒன்று மருந்துக் கடையில் வாங்கியது, ஒன்று வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியது. மூன்றின் பின்புறத்திலும் சிறிய எழுத்தில் இருந்தது ஒரே பெயர்: டைக்ளோஃபெனாக். முழங்கால் நோவுக்கு மூன்றையும் மாறி மாறி எடுத்திருக்கிறார்.

ஒவ்வொரு அட்டையின் பின்புறத்தையும் வாசித்து, மருந்தின் உண்மைப் பெயரை எழுதுங்கள். பின்வருவன இருந்தால் வைத்தியரிடம் காட்டும்வரை ஒதுக்கி வையுங்கள்:

- டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அசிட் போன்ற நோவுக் குளிசைகள். டைக்ளோஃபெனாக் ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவும் வரும்; அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
- சூடோஎஃபெட்ரின் கலந்த தடிமன் மருந்துகள். மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது போலவே குடலின் குழாய்களையும் சுருக்கும்.
- ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின், சுமாட்ரிப்டான்.
- பிசகோடில் போன்ற குடலை உந்தித் தள்ளும் பேதிக் குளிசைகள்.
- மலத்தை இறுக்கும் கொடீன், ட்ரமடோல்.
- ஈஸ்ட்ரஜன் கலந்த ஹோமோன் குளிசைகள்.

வைத்தியர் எழுதித் தந்த மருந்து இந்தப் பட்டியலில் இருந்தால் அன்றே தொலைபேசியில் அல்லது நேரில் கேளுங்கள். மற்ற நோவுகளுக்கு, ஈரல் நோய் இல்லாதவர்கள் பரசிட்டமோல் எடுக்கலாம்.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் ஆபத்தானது. மலத்தில் இரத்தத்தைக் கண்ட பயத்தில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் ஆகியவற்றைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர் வார்ஃபரினை நிறுத்தினால் இரத்தக் கட்டி உருவாகி மூளைக்கோ குடலுக்கோ போகலாம். இரத்தம் போனால் வைத்தியசாலைக்குப் போங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அங்கே முடிவு செய்யட்டும்.

பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கு முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் இரத்த அழுத்தம் பார்த்து எழுதுங்கள். இருந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை. நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். நோய்க்கு முன் பொருந்திய அளவு இப்போது கூடிவிட்டிருக்கலாம்.

## 6. இனிச் சாப்பாடு

இந்த நோய்க்கென்று நிரூபிக்கப்பட்ட தனிப் பத்தியம் கிடையாது. புண் ஆறும்வரை குடலுக்கு வேலையைக் குறைப்பது, ஆறியபின் மலம் இறுகாமல் பார்த்துக்கொள்வது. நோக்கம் அவ்வளவுதான்.

முதல் சில நாட்கள்: வடித்த கஞ்சி, குழைந்த வெள்ளை அரிசிச் சோறு, வெள்ளை மா இடியப்பமும் மிளகாய் போடாத இளஞ்சொதியும், அவித்த மீன், முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, பூசணி, கனிந்த வாழைப்பழம். தயிர் ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம். வயிறு ஊதினால் நிறுத்தி வையுங்கள்.

ஒரு வேளைக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். உணவு உள்ளே போனதும் குடல் கூடுதல் இரத்தம் கேட்கும். அதனால் மூன்று பெரிய வேளைகளை ஐந்தாறு சிறிய வேளைகளாகப் பிரியுங்கள். "மெலிந்துவிட்டார்" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கோழிச் சூப்பும் நண்டுக் கறியுமாகக் கொண்டுவருவார்கள். அன்போடு வாங்கி, மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.

அந்த நாட்களில் வேண்டாதவை: தேங்காய்ச் சம்பல், பச்சைக் கீரைச் சம்பல், கச்சான் (நிலக்கடலை), பலா, சோளம், பொரியல், உறைப்பு.

வலியும் இரத்தமும் நின்று ஒரு வாரமோ இரண்டு வாரமோ சென்றபின், நார்ச்சத்தை ஒவ்வொன்றாகச் சேருங்கள். இரண்டு நாட்களுக்கு ஒரு புதிய உணவு என்பது நல்ல வேகம். பப்பாசிப்பழம், நன்றாக அவித்த முருங்கையிலை, பயறு, பிறகு சிவப்பரிசி, கடைசியில் குரக்கன். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்கினால், வயிறு நொந்தபோது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

குடல் சுருங்கியிருக்கிறது என்று வைத்தியர் சொல்லியிருந்தால் நார்ச்சத்தைக் கூட்டக்கூடாது. சுருங்கிய இடத்தில் அது அடைத்துக்கொள்ளும்.

## 7. மலச்சிக்கலை வர விடாதீர்கள்

முக்கும்போது குடலுக்குள் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே மெலிந்த இரத்த ஓட்டம் மேலும் தடைப்படும். ஆகவே மலம் இறுகுவது சிறு விஷயமன்று. காலை உணவுக்குப் பிறகு, அவசரமில்லாமல், தினமும் ஒரே நேரத்தில் மலம் கழிக்கப் பழக்குங்கள். வராவிட்டால் எழுந்துவிடச் சொல்லுங்கள். மூன்று நாளாகியும் போகாவிட்டால் லக்டுலோஸ் போன்ற மென்மையான மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.

கொப்பியில் தினமும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை முறை, இறுக்கமா தளர்வா, நிறம் என்ன. இரும்புச்சத்துக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். அவற்றை எடுத்த நாளையும் குறித்து வைத்தால் வீண் பயம் வராது. இரும்புக் குளிசை எடுக்காதவருக்குத் தார் போலக் கறுத்த மலம் போனால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

## 8. நடை, வேலை, புகை

படுக்கையிலேயே கிடத்தி வைப்பது நன்மையன்று. வீட்டுக்கு வந்த அன்றே முற்றத்தில் மெதுவாக நடக்கலாம். எழும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் இருந்து, பிறகு நிற்கவேண்டும். இரவில் கழிவறைக்குப் போகும்போது துணை தேவை.

இலேசான பாதிப்பு என்றால் ஓரிரு வாரங்களில் பலர் வழக்கமான வேலைக்குத் திரும்புகிறார்கள். வயல், கடல் வேலைக்காரர் மட்டும் மதிய வெயிலைத் தவிர்த்து, அதிகாலையில் சில மணி நேரத்துடன் தொடங்கவேண்டும்.

புகைப்பதை நிறுத்தவேண்டும். குறைப்பது போதாது, புகை இரத்தக் குழாய்களைச் சுருக்கி நாளடைவில் அடைக்கவும் செய்கிறது. வெற்றிலையுடன் புகையிலை போடுபவர்களுக்கும் இதுவே.

## 9. கிளினிக்கில் விடாமல் பார்க்கவேண்டியவை

வலி நின்றதும் கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள். குடல் ஆறியிருக்கலாம், இரத்தத்தைக் குறைத்த காரணம் அப்படியே இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுத்துத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்றும், தேவையானால் எக்கோ செய்து இதயம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். சீனி, கொலஸ்ட்ரோல், ஹீமோகுளோபின் அளவுகளையும் கேளுங்கள். இளவயதினருக்கு வந்திருந்தால் இரத்தம் எளிதில் உறையும் தன்மை உள்ளதா என்று சோதிக்க வேண்டியிருக்கலாம்.

கொலனோஸ்கோப்பிக்குத் திகதி தந்திருந்தால் தவறவிடாதீர்கள். சில வேளை குடலை அடைக்கும் ஒரு வளர்ச்சியும் இதே போல வெளிப்படும். அதற்கு முதல்நாள் குடிக்கும் பேதி மருந்து உடலை வற்றச் செய்யும் என்பதால், "எனக்கு முன்பு இஸ்கீமிக் கோலைட்டிஸ் வந்தது" என்று மருந்தை வாங்கும்போதே சொல்லுங்கள்.

சில வாரங்களுக்கு இலேசான முறுக்கு வந்து போவது வழக்கம். அதற்குப் பயந்து பட்டினி கிடக்கவேண்டாம். ஆனால் சாப்பிட்ட பின் ஒவ்வொரு முறையும் வலித்து, அந்தப் பயத்தில் சாப்பாடு குறைந்து, உடலும் மெலிந்துகொண்டு போனால் அது வேறு கதை. குடலுக்குப் போகும் பெரிய குழாய்கள் ஒடுங்கியிருக்கலாம். அதைக் கிளினிக் திகதிவரை தள்ளிவைக்காதீர்கள்.

## 10. விரதம், நோன்பு, பாதயாத்திரை

கண்ணகியம்மன் சடங்குக் காலம் வெயில் உச்சத்தில் வருகிறது. றமழான் நோன்பில் பகல் முழுவதும் தண்ணீரும் இல்லை. உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமம் போகிறவர்கள் நாட்கணக்கில் வெயிலில் நடக்கிறார்கள். மூன்றிலும் உடல் வற்றுவதே ஆபத்து.

நோய் வந்த ஆண்டில் மூன்றையும் தவிர்க்கச் சொல்வேன். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. பின்னர் நோற்பதா, ஃபித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிப்பது) கொடுப்பதா என்பதை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். விரதகாரர்கள் தண்ணீர், பால், பழத்துடன் விரதம் இருக்கலாம்; நீரில்லா உபவாசம் வேண்டாம். யாத்திரை போகும் நேர்த்தி இருந்தால் பஸ்ஸில் போய்க் கும்பிடலாம். அடுத்த ஆண்டு நடக்க விரும்பினால், புறப்படும் முன்பே வைத்தியரிடம் மருந்து அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## 11. மீண்டும் அதே வலி வந்தால்

பெரும்பாலானோருக்கு இது திரும்பி வருவதில்லை; சிலருக்கு வருகிறது. அதே இடப்பக்க வலியும் அவசரமும் வந்தால், இரத்தம் வரும்வரை காத்திராதீர்கள். சாப்பாட்டை நிறுத்தி, டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, மருந்துப் பை மூன்றையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். வெளிநோயாளர் பிரிவில் "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லாமல் கார்ட்டை முதலில் நீட்டுங்கள்.